ஈரம் எடுக்கும் விளக்கு

ஊத்துக்காட்டுப் புதூரில் மனிதர்களின் அழுகை காய்ந்து கெட்டியாகத் தொடங்கியது ஆடி மாதத்தில், நல்லசிவத்தின் பிரிண்டிங் பட்டறையில் புது இயந்திரம் வந்து இறங்கிய கொஞ்ச நாளுக்குள். அன்று கரண்ட் போய்ப் போய் வந்தது, மேற்கே காற்று புழுதியை வாரிக்கொண்டு அடித்தது, தேநீர்க்கடையில் பால் திரிந்துபோயிருந்தது என்பதையெல்லாம் எங்கள் ஊரில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அது ஏன் நடந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை, ஏனென்றால் திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓர் இயந்திரம் ஓடுகிறதா என்று கேட்பார்களே தவிர, ஏன் ஓடுகிறது என்று கேட்கிற வழக்கம் கிடையாது.

அதற்கு முன்பு, பனியன் துணியில் அச்சடித்த படத்தைக் காயவைக்க மாட்டுக்கொட்டகை நீளத்துக்கு ஒரு சூட்டு அடுப்பு இருந்தது. வெட்டிய துணி பெல்ட்டில் ஏறி, அதற்குள் சாவகாசமாக ஊர்ந்து, மையில் இருந்த நீர்ப்பசையெல்லாம் ஆவியாகிக் கூரைக்குழாய் வழியே ஊருக்குள் கலைந்துபோன பிறகு, மறுமுனையில் சுடச்சுட வந்து விழும். புது இயந்திரமோ சாப்பாட்டு மேசை அளவுதான். அதன் நடுவயிற்றில் ஒரு புற ஊதா விளக்கு எரிந்தது. அதற்கென்று தனி மை டின்களில் வந்தது. தேன்போல் வழிகிற அந்த மை விளக்கின் அடியில் ஒரு கண்சிமிட்டல் நேரம் போய்வந்தால் போதும், கல்லாகிவிடும். பட்டறைக்காரர்கள் அதைக் கியூரிங் என்றார்கள். விளக்கை நேராகப் பார்த்தால் கண் அவிந்துவிடும் என்று மூடி போட்டிருந்தார்கள். மூடியின் இடுக்கில் கசிந்த ஊதா வெளிச்சம் சுவரில் பல்லி ஓடுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. இடி விழுந்த இடத்து வாசம் பட்டறை முழுவதும் நின்றது.

பெல்ட்டின் தலைமாட்டில் நின்று துணியை ஒவ்வொன்றாகப் பரப்பி வைக்கிற வேலை கலாமணிக்கு. அவள் கணவன் சென்னியப்பன் சாயப்பட்டறையிலிருந்து துணி உருளைகளை ஏற்றிவரும் டெம்போ ஓட்டுபவன். அந்த ஆடியில், காங்கேயம் சாலை வளைவு ஒன்றில் வண்டியோடு கவிழ்ந்து செத்துப்போனான். அவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தலைமுழுகிய ஈரச்சேலை கொடியில் காய்வதற்குள் அவள் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"ஏம்மா கலாமணி, காரியங்கூட முடியலையே, அதுக்குள்ள எதுக்கும்மா வந்தே?" என்று நல்லசிவம் முகத்தைச் சுருக்கினார்.

"நீங்கதானுங் காலைல ஆளனுப்புனீங்க, மொதலாளி."

"அனுப்புனேன்தான். வரமாட்டீன்னு நெனச்சு அனுப்புனேன்" என்றார் அவர். அதில் பொய் எதுவும் இல்லை. மறுநாள் கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு இருக்கும்போது ஒரு முதலாளியால் முடிந்த அதிகபட்ச இரக்கம் அதுதான்.

அவள் துணியைப் பரப்பினாள். பரப்பும்போதே கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்து தாடையில் திரண்டு, ஒரு குழந்தைச் சட்டையின் மார்பில், அச்சடித்த முயலின் காதுக்குப் பக்கத்தில் சொட்டியது. துடைப்பதற்குள் பெல்ட் அதை இழுத்துக்கொண்டு போயிற்று. மறுபக்கம் வந்தபோது அந்தச் சொட்டு கெட்டியாகி, கண்ணாடி மணிபோல் துணியில் பதிந்து நின்றது, அதே நொடியில் கலாமணியின் கண் காய்ந்தது, நெஞ்சின் விம்மல் நின்றது, அவள் நிமிர்ந்து, "டீ வந்துருச்சாங்க?" என்று கேட்டாள்.

சரக்கைச் சோதிக்க வந்தவர் அந்தச் சட்டையைத் தனியே எடுத்து, இது டிசைனில் இல்லையே என்றார். "புது எஃபெக்டுங்க சார், நம்ம பக்கத்துல இருந்து ஒரு அன்பளிப்பு" என்றார் நல்லசிவம். சோதிக்க வந்தவர் அதைத் தேய்த்துப் பார்த்தார், துவைத்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், போகவில்லை, கையெழுத்துப் போட்டார். இவ்வாறாக, கலாமணி தன் புருஷனுக்காக அழவேண்டியிருந்த அழுகை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கப்பட்டு, பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்துக்கு ஏற்றுமதியாயிற்று. அடுத்த ஆர்டரிலும் அந்த எஃபெக்ட் வேண்டுமென்று கேட்டார்கள். பட்டறையில் வெங்காயம் உரித்து அழுது பார்த்தார்கள், கொட்டாவிக் கண்ணீரைப் பிடித்துப் பார்த்தார்கள், அதெல்லாம் விளக்கின் அடியில் வெறுமனே ஈரமாகப் போய் ஈரமாக வந்தது. எனவே அந்த ஆர்டர் கைவிட்டுப் போயிற்று, செய்தி மட்டும் ஊரில் நின்றது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். முதலில் பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் ராமாத்தாள் தன் தாய் இறந்தபோது வந்தாள். பனியன் வேஸ்ட் துண்டு ஒன்றில் முகத்தைத் துடைத்து, அதை விளக்குக்குக் கொடுத்தாள். துண்டு மணிமணியாக வெளியே வந்தது, ராமாத்தாள் மத்தியானமே வேலைக்கு உட்கார்ந்தாள். பிறகு அவளுடைய அக்காள், அக்காளின் மாமியார், மாமியாரின் தெருக்காரர்கள் என்று வந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அது ஒரு சடங்காகிவிட்டது. சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக் குளித்தவுடன் இழவுவீட்டுப் பெண்களைக் குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள், ஆண்கள் பின்னாலேயே பைக்கில் வருவார்கள், வெள்ளைத் துண்டுகள் கைமாறும், பெல்ட் ஓடும், வந்தவர்கள் உலர்ந்த முகத்தோடு எதிரேயுள்ள மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

மை காய்ந்ததா என்று பார்க்கப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: கட்டைவிரலை அதன்மேல் அழுத்தி எடுப்பார்கள், ஒட்டாவிட்டால் சரக்கு தயார். அதே வழக்கத்தை மனிதர்களுக்கும் வைத்துக்கொண்டார்கள். விளக்கு வேலை செய்து முடித்ததும் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் அழுதவளின் கன்னத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, "ஒட்டல" என்பார், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஒட்டவில்லை என்பது மேல்தோலைப் பற்றிய செய்தி மட்டும்தான் என்று, நாள் முழுவதும் கட்டைவிரலை வைத்துப் பிழைக்கிற எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தெருவில் விசாரிக்கும் முறையும் மாறியது. "எப்படி இருக்கீங்க, மனசத் தேத்திக்கங்க" என்பதெல்லாம் போய், "ஈரம் எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டார்கள். காதல் முறிந்தவர்கள் வந்தார்கள், மாடு செத்தவர்கள் வந்தார்கள், பரீட்சையில் தவறிய பிள்ளைகளைப் பெற்றோர் கையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். அங்காளம்மன் கோவில் கமிட்டி கூடி, இது அபசாரமா இல்லையா என்று இரண்டு கூட்டம் போட்டு விவாதித்து, கடைசியில் அமாவாசைதோறும் இயந்திரத்துக்கு எலுமிச்சம்பழம் அறுத்து வைப்பது என்று தீர்மானித்தது. பனியன் கம்பெனிகள் இன்னும் வேகமாகப் புரிந்துகொண்டன. வீட்டில் சாவு விழுந்தால் கொடுத்துக்கொண்டிருந்த லீவை அரை ஷிப்டாகக் குறைத்தன, போய்வர அவ்வளவு நேரம் தாராளம் என்றன. அதை எதிர்த்துக் கொடி பிடிக்கவேண்டியவர்களுக்கும் அப்போது ஈரம் எடுத்தாகியிருந்தது.

மணிகள் பதிந்த துண்டுகளைச் சிலர் இறந்தவரின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள், சிலர் நொய்யலில் எறிந்தார்கள். அவை மக்கவில்லை. ஆற்றுமணலில் வெயில் படும்போது மினுங்கின. ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப்போயின.

சென்னியப்பனின் வீட்டில் மட்டும் ஓர் ஈரம் மிச்சமிருந்தது. கலாமணியின் மகள் பிரவீணா, கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தவள், விளக்குக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"எங்கப்பாவுக்கு நான் அழறது ஆருக்கு எடைஞ்சல்?" என்று, கூட்டிப்போக வந்த மகளிர் குழுப் பெண்களை வாசலிலேயே கேட்டாள்.

"எடைஞ்சல்னு ஆரு சொன்னா அம்மணி? ஒரு நிமிஷ வேலைதானே, முடிச்சுட்டு வந்துரலாம்னு" என்றாள் அவர்களில் ஒருத்தி.

"ஒரு நிமிஷத்துல முடிக்கிறதுக்கு எங்கப்பா என்ன கரண்ட் பில்லுங்களாக்கா?"

அவள் அழுதாள். அடக்கமில்லாமல், அழகில்லாமல், மூக்கு ஒழுக அழுதாள். சாயங்காலம் பட்டறை விட்டுக் கலாமணி வந்து பூண்டு உரிக்க உட்காரும் நேரத்தில், பிரவீணா சுவரில் சாய்ந்துகொண்டு அழத் தொடங்குவாள். அந்த அழுகையின் நடுவே சென்னியப்பன் செருப்பைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருவான். டெம்போவை அவன் "மாப்ள" என்று கூப்பிடுவதையும், ஏற்றத்தில் வண்டி திணறும்போது "இன்னும் கொஞ்சம் மாப்ள, ஊட்டுக்குப் போயி எண்ண மாத்தறேன்" என்று கெஞ்சுவதையும், கொய்யாப்பழக்காரியிடம் "இத விக்கறதுக்கு உனக்கு மனசு வருதா" என்று கேட்டு அவள் திகைத்து நிற்கும்போது இன்னொரு பழத்தை எடுத்துக்கொள்வதையும், அவன் இருமுகிற இடத்தில் இருமியும் காட்டி, பிரவீணா அழுதுகொண்டே சொல்வாள். கலாமணி பூண்டு உரிப்பாள். அவளுக்குள் எதுவும் அசையாது. ஆனால் பூண்டு உரித்து முடிந்த பிறகும் எழுந்திருக்கமாட்டாள்.

கலாமணிக்கு என்ன ஆகியிருந்தது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. அவளுக்கு வலி இல்லை. மார்புக்குழியில் ஒரு கெட்டியான பொருள் இருந்தது, அவ்வளவுதான். விடிந்ததும் அது அங்கே இருக்கும், படுக்கும்போதும் இருக்கும், கூடாது, குறையாது. புருஷன் செத்த நாள் மற்ற நாட்களைப்போலப் பின்னால் நகர்ந்து பழையதாகவில்லை. ஒவ்வொரு காலையும் அன்று காலைதான் செத்தான். அழுவதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவன் முகத்தை நினைக்க முயன்றால் விபத்தன்று வாசலில் வந்து நின்ற போலீஸ்காரரின் முகம்தான் வந்தது. ஊரில் ஈரம் எடுத்தவர்கள் அத்தனைபேருக்கும் இதுதான் நிலை என்பதை அவள் அறியவில்லை, அவர்களும் அறியவில்லை, ஏனென்றால் வலிக்காத ஒன்றைப் பற்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை.

பிரவீணாவின் அழுகையோ மாறிக்கொண்டே வந்தது. ஐப்பசியில் கொட்டியது, கார்த்திகையில் விட்டு விட்டுப் பெய்தது, மார்கழியில் ஒருநாள் கொய்யாப்பழக்காரியின் திகைத்த முகத்தைச் செய்துகாட்டும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீர் வழிகிற முகத்தோடு சிரித்தாள். கலாமணி பூண்டிலிருந்து தலையைத் தூக்கி, ஏதோ அந்நிய மொழி கேட்டவள்போல் மகளைப் பார்த்தாள். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அந்தப் பெண் அழுது முடித்திருப்பாள். விடவில்லை.

தையில் பெருந்துறைப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் சொந்தமாகத் தையல் யூனிட் வைத்திருந்தான், நல்ல பேச்சு, நல்ல குடும்பம். பையனின் தாய் காபியைக் கையில் வாங்கியவுடன் கேட்ட முதல் கேள்வி, "ஈரம் எடுத்தாச்சுங்களா?" என்பது.

"எனக்கு எடுத்தாச்சுங்க" என்றாள் கலாமணி.

"உங்களுக்கு எடுத்தா எங்களுக்கு என்னங்க? பொண்ணுக்கு?"

பிரவீணா உள்ளேயிருந்தே, "எடுக்கலீங்க. எடுக்கறதாவும் இல்லீங்க" என்றாள்.

அந்த அம்மாள் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. ஈரம் இருக்கற ஊட்டுல மரமே இத்துப்போகும்னு சொல்லுவாங்க. மனுசரு எம்மாத்திரம்? எடுத்துட்டுச் சொல்லியனுப்புங்க, வர்றோம்" என்று சொல்லி எழுந்தாள். வாசலில் செருப்பைப் போடும்போதே சம்பந்தி என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டதுபோல, "வாறோமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பிரவீணா அழுதபோது கலாமணிக்கு அந்த அழுகையில் சென்னியப்பன் வரவில்லை. அப்பன் இல்லாத வீட்டில், படிப்பு நின்று, வரன் நின்று, சுவரோரம் முகம் வீங்கிக் கிடக்கும் ஒரு பெண்தான் தெரிந்தாள். தன்னைப்போல இவளும் நிமிர்ந்து டீ வந்துவிட்டதா என்று கேட்கிற பெண்ணாகிவிட்டால் போதும் என்று நினைத்தாள். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. எங்கள் ஊரில் செய்யப்பட்ட பெரிய கொடுமைகள் எல்லாமே பிள்ளைகளின் நன்மைக்காகச் செய்யப்பட்டவைதான்.

மறுநாள் காலை, பிரவீணா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் அழுது துடைத்து நாற்காலிமேல் போட்டிருந்த மஞ்சள் துப்பட்டாவைக் கலாமணி எடுத்துச் சோற்றுப்பைக்குள் திணித்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். இயந்திரம் சூடேறியதும், முதல் சரக்குக்கு முன்னால், துப்பட்டாவைச் சுருக்கமில்லாமல் நீவிப் பெல்ட்டில் வைத்தாள். ஒருகணம் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பிறகு விட்டாள். அது ஊதா வெளிச்சத்துக்குள் போய், மறுபக்கம், கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் கேட்கிற துணியாக வந்து விழுந்தது.

வீட்டுக்குப் போனபோது பிரவீணா பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தாள். கலாமணி அவள் கன்னத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். ஒட்டவில்லை.

"என்ற துப்பட்டாவ எடுத்துட்டுப் போனீங்களாம்மா?"

"ஆமா கண்ணு."

"செரி" என்றாள் பிரவீணா. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கலாமணி காலில்கூட விழுந்திருப்பாள்.

அவள் மறுபடி கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள். பெருந்துறைக்குச் சொல்லியனுப்பினார்கள், அவர்கள் வந்தார்கள், காபியைக் குடித்தார்கள்; பெண்ணுக்குச் சம்மதமா என்று ஒப்புக்குக் கேட்டபோது அவள் அதே "செரி"யைச் சொன்னாள். எங்கள் ஊரில் ஒரு பெண் சரி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் தோண்டிப் பார்க்கமாட்டார்கள். வருஷத் திதி கழிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அதன்பின் வந்த சாயங்காலங்களில் கலாமணி பூண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிரவீணா சுவரில் சாய்ந்து செல்போன் பார்த்தாள். கலாமணி காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்பது அவளுக்குச் சில நாள் புரியவில்லை. புரிந்த அன்று பூண்டுமுறத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன் கண்ணு, அந்தக் கொய்யாப்பழக்காரிகிட்ட அப்பா என்னமோ சொல்லுவாரல்ல, என்ன அது?"

பிரவீணா யோசித்தாள். "வெல கேப்பாரு" என்றாள்.

"வண்டிகிட்ட என்ன பேசுவாரு?"

"வண்டிகிட்ட ஆராச்சும் பேசுவாங்களாம்மா?"

மறுநாள் கலாமணி பட்டறையில் மை கலக்கும் மைக்கூடத்துக்குப் போய் வசுந்தராவின் முன்னால் நின்றாள். வசுந்தரா நல்லசிவத்தின் தங்கை. கோயம்புத்தூரில் ஜவுளி வேதியியல் படித்தவள். எந்த மையை எந்தத் துணியில் எவ்வளவு நேரம் விளக்கில் காட்டவேண்டும் என்று முடிவு செய்கிறவள். புருஷனோடு ஒத்துப்போகாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து, மைக்கூடத்தை எடுத்துக்கொண்டவள்.

"அம்மணி, கியூர் ஆனதக் கரைக்க முடியுங்களா?"

"எந்தப் பீஸுங்கக்கா? பிரிண்ட் தப்பாயிருச்சா?"

"என்ற புள்ளை."

வசுந்தரா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "கரைக்க முடியாதுங்கக்கா. பழைய அடுப்புல காயவெச்சமே, அதுல தண்ணி மெதுவா ஆவியாகி வெளிய போயிரும், துணியில கொஞ்சந்தான் நிக்கும். நாள்பட்டாத் துவைக்கத் துவைக்க அதுவும் வெளிறும். இந்த விளக்குல ஒண்ணுமே வெளிய போறதில்ல. எவ்வளவு வெச்சமோ அவ்வளவும் உள்ளயே நின்னு கட்டிக்குது. துணிய எரிக்கலாம். இத எடுக்க முடியாது."

"அப்ப எங்களுக்கு ஈரம் போகலீங்களா?"

"எங்கீங்க போச்சு? ஒரு சொட்டுகூடப் போகல."

"இத ஏனுங்க அன்னைக்கே சொல்லல?"

"எல்லாரும் வந்து 'காஞ்சுருச்சா'ன்னு கேட்டீங்க. காஞ்சுருச்சுன்னு சொன்னேன். போயிருச்சான்னு ஒருத்தரும் கேக்கல." வசுந்தரா டின் ஒன்றின் மூடியைத் திறந்து, பார்த்து, திரும்ப மூடினாள். "நான் மட்டும் என்னங்கக்கா? தெரிஞ்சேதான் என்ற கைக்குட்டையப் போட்டேன். படிச்சவளுக்கும் அழறதுக்கு லீவு கெடைக்கறதில்ல."

கலாமணி ஊருக்குள் இதைச் சொன்னாள். தண்ணீர்க் குழாயடியிலும், கம்பெனி வண்டி நிற்குமிடத்திலும், குழுக் கூட்டத்திலும் சொன்னாள். பெண்கள் தலையாட்டினார்கள், சிலர் தங்கள் மார்புக்குழியில் கைவைத்து, ஆமாம், இங்கே ஒன்று இருக்கிறது என்றார்கள். அதே வாரத்தில் தெற்குத்தெருவில் ஒரு சாவு விழுந்தது, குட்டியானை வண்டி வந்தது, தலையாட்டியவர்களே ஏறி உட்கார்ந்தார்கள். தெரிந்துகொண்டுவிட்டோம் என்பதற்காக ஒன்றை நிறுத்துகிற வழக்கம் எங்களிடம் இல்லை. சாயக்கழிவை விட்ட ஆற்றுக்கும் நாங்கள் இப்படித்தான் செய்தோம்.

மறு ஆடியில் சென்னியப்பனின் வருஷத் திதி வந்தது. வாசலில் சாமியானா போட்டு, தெருக்காரர்களும் சொந்தக்காரர்களும் இலையில் உட்கார்ந்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. படத்துக்கு மாலை போட்டார்கள், அய்யர் தட்சிணை வாங்கிக்கொண்டு கிளம்பினார், ரசம் நன்றாயிருக்கிறது என்று இரண்டுபேர் சொன்னார்கள். ஒரு கண்கூட நனையவில்லை. நனையாதது யாருக்கும் உறுத்தவுமில்லை.

அப்போது ஒரு நடுவயது மனிதர் கையில் துணிப்பையோடு சந்துக்குள் வந்தார். அங்கமுத்து என்று பேர்; பவானிக்காரர்; சென்னியப்பனுக்குக் கல்யாணமாகும் முன்பு அவனோடு ஒரே லாரியில் வருஷக்கணக்காக ஓடியவர்; பிறகு மஸ்கட்டுக்குத் தண்ணீர் லாரி ஓட்டப் போய், அந்தச் சாவுக்குப் பிறகு இப்போதுதான் முதல் லீவில் வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், படத்தைப் பார்த்தார், "அட சென்னியா" என்றார், அப்படியே தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார்.

பந்தியில் இருந்தவர்கள் கையை இலைக்குமேல் நிறுத்திக்கொண்டு பார்த்தார்கள். பட்டப்பகலில் ஒரு மனிதர் உடம்பில் துணியில்லாமல் வந்து நின்றதுபோல் இருந்தது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நல்லசிவம்தான் முதலில் எழுந்து, கையைக் கழுவி, ஒரு சுத்தமான துண்டோடு அவரிடம் போனார்.

"ஏனுங், இதுல மொகத்தத் தொடச்சுக்கங்க. பட்டறை பக்கத்துலதான் இருக்குது. ஒரு நிமிஷத்துல செரியாப் போயிரும்."

கலாமணி இலைகளைத் தாண்டி வந்து இருவருக்கும் நடுவே நின்றாள். "துண்ட உள்ள வைங்க மொதலாளி."

"நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

"எனக்கும் நல்லதுக்குத்தானுங்க ஆளனுப்புனீங்க." அவள் அங்கமுத்துவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நீங்க அழுங்கண்ணா. நிறுத்திப்போடாதீங்க."

"ஒரு வருசமா வெச்சிருந்தேன் தங்கச்சி," என்றார் அவர், மூச்சு வாங்க. "போன் வந்தப்ப வண்டில இருந்தேன். அங்க அழறதுக்கு ஒரு எடமில்ல, சேந்து அழ ஒரு ஆளில்ல. இங்க வந்து உங்களோட அழுதுக்கலாம்னு அப்படியே வெச்சுட்டிருந்தேன்."

சேர்ந்து அழ இங்கும் ஆள் இல்லை; அதைச் சொல்லாமல் கலாமணி அவருடைய துணிப்பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

அவர் அழுதார். அழுகைக்கு நடுவே சொன்னார். ஒருமுறை சாயம் போட்ட சிவப்புத் துணி ஏற்றிக்கொண்டு இருவரும் வரும்போது தார்ப்பாய் காற்றில் பறந்துபோயிற்றாம், நல்ல மழையாம், சாயம் நிற்காத துணியாம். கரூரிலிருந்து வெள்ளக்கோவில்வரை ரோடெல்லாம் சிவப்பாய் ஓட, போலீஸ் மறித்து, வண்டியில் எத்தனை பொணம் என்று கேட்டார்களாம். "உங்காளு எறங்கி, மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றான், 'பொணமில்லீங்க சார், மாரியாத்தா கோயிலுக்கு வேண்டுதலுங்க, ரோடு பூராக் குங்குமம் தெளிச்சுட்டு வர்றோம்'னு. அந்தப் போலீஸ்காரன் தொப்பியக் கழட்டிட்டுக் கும்பிட்டான் தங்கச்சி! கும்பிட்டான்!" அங்கமுத்து அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே இருமினார், தொடையில் தட்டிக்கொண்டார்.

இலைகளை விட்டு ஒவ்வொருவராக எழுந்து வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ராமாத்தாள் வந்தாள், வசுந்தரா வந்து தூணோரம் நின்றாள், கையில் துண்டோடு நல்லசிவமும் நின்றார். பிரவீணா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல், அவருடைய நனைந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு ஒருதரம் லேசாக விரிந்தது. சிரிக்கப்போகிறாள் என்று கலாமணி முன்னால் சாய்ந்தாள். பிரவீணா, "அது எந்த வருசமுங்க மாமா?" என்று கேட்டாள்.

அவர் வருஷத்தைச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அங்கமுத்துவின் அழுகை நின்றது. யாரும் நிறுத்தவில்லை, தானாகவே தேய்ந்து, இரண்டு விம்மலாகி, ஒரு பெருமூச்சாகி, நின்றது. அவர் வேட்டி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்; அந்த முகம் மழை விட்ட பிறகு தெரிகிற மலைபோலத் தெளிந்திருந்தது. பசிக்கிறது என்றார். இலை போட்டார்கள். ரசத்தை இரண்டுதரம் கேட்டு வாங்கினார். படத்தின் முன் நின்று, "வர்றேண்டா" என்று, உயிரோடிருக்கும் ஒருவனிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பிரவீணாவின் தலையில் கைவைத்து, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அவர் சந்து திரும்பி மறைந்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எச்சில் இலைகள் கிடந்தன, ஈ மொய்த்தது, சாமியானாக்காரன் வந்து அவிழ்க்கலாமா என்று கேட்டுப் பதில் வராமல் திரும்பிப்போனான்.

"கலாக்கா," என்று கடைசியில் ராமாத்தாள் மெல்லக் கேட்டாள், "வெளியூர்ல இருந்து இன்னும் ஆராச்சும் வரவேண்டியிருக்குதுங்களா?"

கலாமணி வரவேண்டியவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "அவரு ஒருத்தருதான்."